வரி பூஜ்யமான பிறகு பால் பண்ணைக்கு எது உதவும்: மானியமா, சந்தையா, லேபிளா, வெளியேற வழியா?

தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தாகிற அன்று எல்லா அரசுகளும் பால் பண்ணைக்காரர்களுக்கு ஒரே ஆறுதலைத்தான் சொல்கின்றன: "உடனே இல்லை, இன்னும் நிறைய வருஷம் இருக்கிறது." அந்த வருஷங்கள் இப்போது வரிசையாகத் தீர்ந்துகொண்டிருக்கின்றன. நியூசிலாந்துப் பால் பவுடருக்குச் சீனா வைத்திருந்த கடைசிப் பாதுகாப்பு 2023 டிசம்பரோடு முடிந்தது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்தோடு 2005இல் தாய்லாந்து தொடங்கிய ஒப்பந்தங்களின் கடைசிக் கட்டம் 2025 ஜனவரியில் வந்தது, அதே மாதம் தைவானில் நியூசிலாந்துத் திரவப் பாலுக்கும் வரி, கோட்டா இரண்டும் போயின. தென் கொரியாவில் அமெரிக்கப் பாலுக்கு 36 சதவீதத்தில் இருந்த வரி, 2012இல் ஒப்பந்தம் அமலான பிறகு வருஷத்துக்குக் கொஞ்சமாக இறங்கி 2026இல் பூஜ்யத்தைத் தொட்டுவிட்டது.

"மறுபடியும் வரி போடு" என்ற கோஷத்தை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. பாலை விட்டுக்கொடுத்துத்தான் அந்த நாடுகள் வேறு ஏதோ ஒரு ஏற்றுமதிக்குக் கதவு திறந்துகொண்டன, அதை எந்த நிதியமைச்சரும் திருப்பிக் கொடுக்கப் போவதில்லை. மிச்சம் இருக்கும் வழிகள் நாலைந்து. ஒவ்வொன்றையும் ஏதாவது ஒரு நாடு ஏற்கெனவே செய்து பார்த்திருக்கிறது. எது எங்கே வேலை செய்தது, எங்கே பணம் நடுவழியில் காணாமல் போனது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

அதற்கு முன்னால் ஒரு விஷயம். "உள்ளூர்ப் பாலுக்கு ஆபத்து" என்று பொதுவாகச் சொல்வதில் பாதிதான் உண்மை. பாலில் கிட்டத்தட்ட 87 சதவீதம் தண்ணீர். தண்ணீரைக் கப்பலேற்றிக் கடல் தாண்டிக் கொண்டுவருவது கட்டுபடியாகாத வேலை, அதிலும் பாஸ்ச்சரைஸ் செய்த பால் குளிரில் வைத்தாலும் ஓரிரு வாரம்தான் தாங்கும். ஆக அன்றன்றைக்குக் குடிக்கிற பாலுக்குத் தூரமே ஒரு வரி. பவுடர் கதை வேறு. சுமார் 8 லிட்டர் பால் ஒரு கிலோ முழுக்கொழுப்புப் பவுடராகச் சுருங்கி, சாக்குப் பையில் மாதக்கணக்கில் கெடாமல் உட்கார்ந்திருக்கும். ஐஸ்கிரீம், பிஸ்கட், சாக்லேட், இனிப்புத் தயிர் செய்கிற ஆலைக்கு அந்தப் பவுடர் எந்த நாட்டு மாட்டுடையது என்பது பற்றிக் கவலையே இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஆறு மாதம் வெளியே வைத்தாலும் கெடாத யுஎச்டி (மிக அதிகச் சூட்டில் சில நொடி காய்ச்சிய) பெட்டிப் பால் இருக்கிறது. கொரியக் கடைகளில் போலந்துப் பெட்டிப் பால் பிடித்திருக்கிற இடம் அதுதான்.

குடிபால், பெட்டிப் பால், ஆலைப்பால் என்ற இந்த மூன்றில் எதைக் காப்பாற்றப் போகிறோம் என்று முடிவு செய்யாமல் "பால் துறைக்கு உதவி" என்று அறிவித்தால் அந்தப் பணம் பெரும்பாலும் ஆலைப்பாலில் போய்க் கரையும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: குடிபாலை விடாமல் பிடிக்கணும், ஆலைப்பாலில் ஒரு பகுதியைத் தெரிந்தே விட்டுக்கொடுக்கணும். கீழே உள்ள ஒப்பீடு அந்தக் கண்ணோடு எழுதியதுதான்.

லிட்டருக்கு மானியமா, பண்ணைக்கு நேரடிப் பணமா

அரசுகளுக்கு முதலில் தோன்றுவது லிட்டருக்கு இவ்வளவு என்று கொடுப்பது. கணக்குப் போடுவது சுலபம், அறிவிக்கவும் அழகாக இருக்கும். சிக்கல் என்னவென்றால் உலகப் பவுடர் விலை ஒரு இடத்தில் நிற்காது. நியூசிலாந்துப் பவுடர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஏலத்துக்கு வருகிறது. அந்த ஏலத்தில் 2014 தொடக்கத்தில் டன் 5,000 டாலர் அளவில் போன பவுடர் 2015 ஆகஸ்டில் 1,600 டாலருக்கும் கீழே விழுந்தது. 8 லிட்டருக்கு ஒரு கிலோ என்று வகுத்துப் பாருங்கள், முதல் விலையில் ஒரு லிட்டருக்குச் சுமார் 62 சென்ட் வரும், இரண்டாவதில் 20 சென்ட். உலர்த்தும் செலவு, பை, கப்பல் வாடகை எல்லாம் அதற்குள்ளேயே அடக்கம். இப்படி ஆடுகிற விலைக்கு எதிரே லிட்டருக்கு நிலையாக 5 சென்ட் மானியம் வைத்தால், நல்ல வருஷத்தில் அது தேவையே இல்லாத பணம், கெட்ட வருஷத்தில் யானைப் பசிக்குச் சோளப்பொரி.

இன்னொரு ஓட்டையும் உண்டு. வாங்குவதற்கு ஒரே ஒரு ஆலைதான் இருக்கிற ஊரில் லிட்டருக்கு 5 மானியம் வந்தால் ஆலை கொள்முதல் விலையில் 3 குறைத்துவிடும். பண்ணைக்காரர் கையில் 2 மிஞ்சும். பேரம் பேசுகிற பலம் உள்ள கூட்டுறவு இருந்தால்தான் இந்த மானியம் மாட்டுக் கொட்டகை வரை முழுசாகப் போய்ச் சேரும். மானியத் திட்டத்தைப் பற்றிப் பேசுபவர்கள் இதை ஏனோ கடைசியில்தான் சொல்கிறார்கள்.

ஜப்பான் இதை ஓரளவு புத்தியோடு செய்தது என்பேன். 1966 முதல் அங்கே மானியம் எல்லாப் பாலுக்கும் கிடையாது. வெண்ணெய், பவுடர் என்று பதப்படுத்தப் போகிற பாலுக்கு மட்டும், அதுவும் வருஷத்துக்கு இவ்வளவு என்று நிர்ணயித்த அளவு வரைக்கும்தான். நாட்டின் பாலில் பாதிக்கு மேல் ஹொக்கைடோ தீவில் கறக்கிறார்கள், நுகர்வு முழுக்கத் தெற்கே இருக்கும் பெருநகரங்களில். ஹொக்கைடோப் பால் அத்தனையும் குடிபாலாகத் தெற்கே இறங்கினால் அங்கே உள்ள சின்னப் பண்ணைகள் நசுங்கிவிடும். அதைத் தடுக்கவும் இந்த மானியம்தான் அணை. அளவுக்கு உச்சவரம்பு வைத்ததால் "கொடுக்கிறார்கள், கறந்து தள்ளு" என்ற மனநிலையும் கொஞ்சம் கட்டுக்குள் நின்றது.

சுவிட்சர்லாந்து இன்னும் சுவாரசியம். ஐரோப்பிய ஒன்றியத்தோடு சீஸ் வியாபாரத்தை இரண்டு பக்கமும் 2007 ஜூனில் முழுசாகத் திறந்துவிட்டார்கள். சீஸாக மாறுகிற பாலுக்குக் கிலோவுக்கு 15 ராப்பென் (சுவிஸ் பிராங்கில் நூறில் ஒரு பங்கு) என்று ஒரு ஊக்கத்தொகை நீண்ட காலம் இருந்தது. பலன்? இறக்குமதியும் ஏறியது, ஏற்றுமதியும் ஏறியது. ஆனால் அந்த நாட்டின் பேர்பெற்ற இரண்டு சீஸ்களில் க்ருயேர் தலை நிமிர்ந்து நிற்க, எமென்டாலர் ஏற்றுமதி வருஷா வருஷம் தேய்ந்தது. ஊக்கத்தொகை இரண்டுக்கும் ஒன்றுதான். க்ருயேரில் எந்த வட்டாரப் பால், யார் எவ்வளவு செய்யலாம் என்பதை அதன் சங்கமே கட்டுப்படுத்துகிறது. எமென்டாலர் என்ற பெயரிலோ நாட்டுக்கு வெளியே யார் வேண்டுமானாலும் ஓட்டை போட்ட சீஸ் செய்யலாம் என்ற நிலை, 2023இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது நீதிமன்றமும் அந்தப் பெயருக்கு வணிகக்குறிப் பாதுகாப்பு கிடையாது என்று சொல்லிவிட்டது. காசு கொடுத்தது எங்கே உதவியது, எங்கே உதவவில்லை என்பதை இதைவிடத் தெளிவாக வேறு எங்கும் பார்க்க முடியாது. தனிப் பெயரும் அளவுக் கட்டுப்பாடும் இருந்த இடத்தில் மானியம் நின்றது, வெறும் சரக்காக விற்ற இடத்தில் விலைப் போட்டி அதைத் தின்றுவிட்டது.

பண்ணைக்கே நேரடியாகப் பணம் என்பது வேறு கணக்கு. கனடா சந்தையை முழுசாகத் திறக்கவில்லை, மூன்று ஒப்பந்தங்களில் ஒவ்வொரு துண்டாகக் கொடுத்தது. முதல் இரண்டுக்கு ஈடாக 2019இல் பால் பண்ணைகளுக்கு 175 கோடி கனடா டாலர் அறிவித்தார்கள். 80 மாடு உள்ள சராசரிப் பண்ணைக்கு முதல் வருஷம் சுமார் 28,000 டாலர். கையில் உள்ள கோட்டாவுக்கு, அதாவது எவ்வளவு பால் கறந்து விற்கலாம் என்ற உரிமைக்கு, ஏற்ற பங்கு என்பதால் பெரிய பண்ணைக்குப் பெரிய காசோலை. இது சொத்து மதிப்பு இறங்கியதற்கு இழப்பீடு, அந்த வகையில் நியாயம்தான். அந்தப் பணத்தை வாங்கியவர் தீவனத்தை மாற்றுவாரா, கடனை அடைப்பாரா, ட்ராக்டர் வாங்குவாரா என்பதில் அரசுக்கு எந்தச் சொல்லும் இல்லை. இழப்பீடு என்று சொல்லிக் கொடுக்கட்டும், அதற்கு "மாற்றத்துக்கு உதவி" என்று பெயர் வைக்காமல் இருந்தால் சரி.

உலக வர்த்தக அமைப்பின் விதிகளிலும் இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. உற்பத்தி அளவோடு கட்டிப்போட்ட லிட்டர் மானியத்துக்கு உச்சவரம்பு இருக்கிறது, உற்பத்தியோடு ஒட்டாத நேரடிப் பணத்துக்கு அந்தத் தொல்லை குறைவு.

ஆலையைக் கட்டாயப்படுத்துவதா, அரசே வாங்குவதா

இந்தோனேசியா கட்டாயத்தை முயன்று பார்த்த நாடு. 1980களில் இருந்து, ஆலைகள் உள்ளூர்ப் பால் வாங்கியதற்கான அத்தாட்சி காட்டினால்தான் அதற்கேற்ற அளவு இறக்குமதிக்கு அனுமதி. உள்ளூர் உற்பத்தி அப்போது நன்றாகவே வளர்ந்தது. 1998இல் பொருளாதார நெருக்கடி, சர்வதேச நாணய நிதியத்தின் நிபந்தனைகள், அதோடு அந்தத் திட்டம் போயிற்று. இன்றைக்கு அந்த நாட்டின் பால் தேவையில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் சொந்த மாடுகள் கொடுக்கின்றன. 2024 நவம்பரில் மத்திய ஜாவாவின் போயோலாலியில், ஆலைகள் எடுத்துக்கொள்ளும் அளவைக் குறைத்துவிட்டதால் பால்காரர்கள் பாலைக் கேன் கேனாகத் தரையில் ஊற்றினார்கள், சிலர் தலையில் ஊற்றிக் குளித்தார்கள். வரியில்லாமல் வரும் ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் பவுடரைத்தான் எல்லோரும் கை காட்டினார்கள். அரசு உடனே ஆலைகளைக் கூப்பிட்டு, உள்ளூர்ப் பாலை வாங்கியே ஆகணும் என்றது.

அந்தக் காட்சியைப் பார்த்ததும் கட்டாயக் கொள்முதல்தான் வழி என்று தோன்றும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. உள்ளூர்ச் சரக்கை வாங்கினால்தான் இறக்குமதிக்கு அனுமதி என்பது உலக வர்த்தக விதிகளில் நேரடியாகவே தடை செய்யப்பட்டது, எதிராளி நாடு ஒரு புகார் கொடுத்தால் போதும். அதைவிட முக்கியம், மனமில்லாமல் வாங்குகிற ஆலை தரத்தைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பும். கிருமி எண்ணிக்கை கூடுதல், கொழுப்பு குறைவு, தண்ணீர் கலந்திருக்கு என்று ஏதாவது ஒன்று. சோதனைக் கருவி ஆலையின் கையில் இருக்கும்போது கட்டாயம் என்பது காகிதத்தில்தான் இருக்கும். சட்டம் போடுவதற்குப் பதிலாக, குளிரூட்டும் நிலையத்திலேயே இரண்டு தரப்புக்கும் பொதுவான சோதனையைக் கொண்டுவந்தால் பண்ணைக்காரருக்கு அதைவிட நல்லது நடக்கும்.

தாய்லாந்து அதே பணத்தை வேறு வாசல் வழியாகக் கொண்டுபோனது. 1992இல் தொடங்கிய பள்ளிப் பால் திட்டத்தில் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 200 மில்லி, அது உள்ளூர்ப் பச்சைப் பாலில் இருந்துதான் வரணும், பவுடரைக் கரைத்த பால் கூடாது. யாரையும் மிரட்ட வேண்டியதில்லை, வாங்குவது அரசு. வரி பூஜ்யமானாலும் அந்த வாசலில் பவுடர் நுழையாது.

இதிலும் பல்லைக் கடிக்க வைக்கிற சங்கதிகள் உண்டு. மாட்டுக்குக் கோடை விடுமுறை கிடையாது. பள்ளி மூடியிருக்கிற மாதங்களில் கறந்த பாலை என்ன செய்வது? தாய்லாந்து அதைப் பெட்டிப் பாலாக்கி விடுமுறைக்கு முன்பே பிள்ளைகள் கையில் வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிறது, வருஷத்துக்கு 260 நாள் கணக்கு. அப்புறம் யார் எந்தப் பள்ளிக்கு எவ்வளவு சப்ளை செய்வது என்ற ஒதுக்கீட்டில் அரசியல் புகாமல் இருக்காது. எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல், பிள்ளைகளே குறைந்துகொண்டிருக்கிறார்கள். கொரியாவில் 2023இல் பிறப்பு விகிதம் ஒரு பெண்ணுக்கு 0.72. அங்கே பள்ளியை மட்டும் நம்பினால் பத்து வருஷத்தில் வாங்குவதற்கு ஆள் இருக்காது. மருத்துவமனை, ராணுவம், முதியோர் இல்லம் என்று விரித்துக்கொண்டே போகணும். இத்தனைக்குப் பிறகும் கட்டாயக் கொள்முதலையும் பள்ளிப் பாலையும் எதிரெதிரே நிறுத்தினால் நான் யோசிக்காமல் இரண்டாவதன் பக்கம்தான் போவேன். ஆலையோடு சண்டை போடாமல், உள்ளூர்ப் பாலுக்கு ஒரு நிலையான தினசரித் தேவையை அது உண்டாக்குகிறது.

லேபிள்: செலவு குறைவு, எல்லையும் குறைவு

பாக்கெட்டின் பின்பக்கத்தைத் திருப்பினால் பொடி எழுத்தில் "பால் பவுடர், தண்ணீர்" என்று இருக்கும், முன்பக்கத்தில் பச்சைப் புல்லும் மாடும். இதைச் சரிசெய்தாலே உள்ளூர்ப் பாலுக்குப் பாதி உதவி கிடைத்துவிடும் என்பது லேபிள்காரர்கள் வாதம். தைவானில் உள்ளூர்ப் பச்சைப் பாலில் செய்த பாலுக்குத் தனி முத்திரை ஒட்டுகிறார்கள், கறந்த அளவுக்கு ஏற்பத்தான் ஆலைக்கு முத்திரை கிடைக்கும் என்பதால் கலப்படம் கஷ்டம். சீனா 2025 செப்டம்பரில் இருந்து இன்னும் ஒரு படி மேலே போய்விட்டது: கெடாத பெட்டிப் பாலைக்கூடப் பச்சைப் பாலில்தான் செய்யணும், பவுடரைக் கரைத்து அந்தப் பெயரில் விற்க முடியாது. இது வரி இல்லை, தரநிலை. ஆனால் பவுடர் இறக்குமதிக்காரருக்குக் கொஞ்சம் வலித்திருக்கும்.

மேற்கு ஆப்பிரிக்காவில் கதை இன்னும் கசப்பானது. ஐரோப்பாவில் இருந்து வருகிற பவுடரில் பெரும்பங்கு, பாலின் கொழுப்பை எடுத்து வெண்ணெயாக விற்றுவிட்டு அந்த இடத்தில் பாமாயிலை நிரப்பியது. அங்கே அதற்கு வரி வெறும் 5 சதவீதம். வாங்குபவருக்கு அது பால். செனகல், மாலி போன்ற நாடுகளில் உள்ளூர் மேய்ப்பர்கள் இதைப் பாலாகவே கருதவில்லை, "என் பால் உள்ளூர்ப் பால்" என்று ஒரு இயக்கமே நடத்துகிறார்கள். இப்படிப்பட்ட இடத்தில் நேர்மையான பெயர் கேட்பதை யாரும் பாதுகாப்புவாதம் என்று சொல்ல முடியாது.

லேபிளின் எல்லை எங்கே என்றால் கடை அலமாரியோடு சரி. தேநீர்க் கடையில், பேக்கரியில், ஹோட்டல் சமையலறையில் யாரும் பாக்கெட்டைத் திருப்பிப் பார்ப்பதில்லை. விலை வித்தியாசம் சின்னதாக இருக்கும்வரை முத்திரைக்கு மதிப்பு, இரண்டு மடங்கானால் பெரும்பாலான குடும்பங்களில் முத்திரை தோற்றுவிடும். ஆகவே லேபிள் குடிபாலுக்கு நல்ல வேலி, ஆலைப்பாலுக்கு ஒன்றுமே இல்லை. செலவு மிகக் குறைவு என்பதால் முதல் நாளே செய்துவிட வேண்டிய வேலை இது, இதைச் செய்ய வரி பூஜ்யமாகும் வரை காத்திருந்த அரசுகளைத்தான் எனக்குப் புரியவில்லை.

விலைச் சூத்திரமும் கொட்டகைச் செலவும்

கொரியா 2013இல் ஒரு முறையைக் கொண்டுவந்தது: பண்ணையின் உற்பத்திச் செலவு ஏறினால் கொள்முதல் விலையும் ஏறும். பண்ணைக்காரருக்கு இனிப்பாகத்தான் இருக்கும். ஆனால் மக்கள் பால் குடிப்பது குறைகிறது, இறக்குமதி வரி வருஷா வருஷம் இறங்குகிறது, உள்ளூர் விலை மட்டும் மேலே போகிறது. சீஸ், பவுடர் செய்கிற ஆலைகள் உள்ளூர்ப் பாலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. 2023இல்தான் குடிபாலுக்கு ஒரு விலை, பதப்படுத்தும் பாலுக்கு அதைவிடக் குறைந்த விலை என்று பிரித்தார்கள். பண்ணைச் சங்கங்கள் பலமாக எதிர்த்தன. எதிர்ப்பில் நியாயம் இருக்கிறது, உடனடியாக வருமானம் குறைகிற பயம் அது. ஆனாலும் இங்கே ஒப்பிட்டவற்றில் எனக்கு மிகச் சரியாகத் தோன்றுவது இந்த இரட்டை விலைதான், பத்து வருஷம் தாமதமாக வந்தது என்பதுதான் குறை. இரண்டாவது விலைக்கும் செலவுக்கும் நடுவில் விழுகிற பள்ளத்தை ஜப்பான் மாதிரி அளவு கட்டிய மானியத்தால் நிரப்பலாம், எல்லா லிட்டருக்கும் கொட்ட வேண்டியதில்லை.

செலவைக் குறைப்பது என்ற வழியை எல்லாக் குழு அறிக்கைகளும் புகழும். பால் செலவில் பாதி அல்லது அதற்கும் மேல் தீவனம். நியூசிலாந்து மாடு புல்லில் நிற்கிறது. கொரிய, ஜப்பானிய, தைவான் மாடுகளோ கப்பலில் வந்த மக்காச்சோளமும் உலர்புல்லும் தின்கின்றன. தீவனத்தையும் இறக்குமதி செய்துகொண்டு பாலில் போட்டி போடுவது எவ்வளவு தூரம் போகும்? 2022இல் தீவன விலை எகிறியபோது ஜப்பான் அரசு அடுத்த வருஷமே, கறவை மாட்டைச் சீக்கிரம் கழித்துக்கட்டினால் மாட்டுக்கு 1,50,000 யென் என்று கொடுக்க வேண்டியதாயிற்று.

ஆக நவீன எந்திரத்துக்குக் கடன் என்பதைவிடச் சின்னச் சின்ன வேலைகள்தான் உண்மையில் காசு மிச்சம் பிடிக்கும். ஒரு மாடு 13 மாதத்துக்கு ஒரு கன்று ஈனுவதற்கும் 16 மாதத்துக்கு ஒன்று ஈனுவதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். ஈன்ற இரண்டாவது மாதம் வாக்கில் கறவை உச்சத்தில் இருக்கும், அதற்குப் பிறகு இறங்கிக்கொண்டே போகும். சினைப் பருவத்தைக் கவனிக்காமல் மூன்று மாதம் தவறவிட்டால், அந்த மூன்று மாதமும் குறைந்த பாலுக்கு ஏறக்குறைய அதே பராமரிப்புச் செலவு. மடிநோய் அடங்கினால் கொட்டுகிற பால் மிச்சம், மருந்துச் செலவும் மிச்சம். இதற்கெல்லாம் கால்நடை மருத்துவரும் பதிவேடும் போதும், ரோபோ தேவையில்லை. பெரிசாகக் கட்டினால் செலவு குறையும் என்று பெரும் பண்ணைகளைக் கட்டிய சீனாவில் 2021க்குப் பிறகு பால் தேங்கி, கொள்முதல் விலை வருஷக்கணக்கில் சரிந்தது. விற்க முடியாத பாலைச் சொந்தமாகவே பவுடராக்கினார்கள், அதுவும் நஷ்டத்தில்.

வெளியேறுபவருக்கு

இதைப் பற்றிப் பேசினால் அரசியல்வாதிகளுக்கு வேர்க்கிறது. ஆனால் வரி போன பிறகும் எல்லாப் பண்ணைகளும் தொடரும் என்று சொல்வது பொய். ஆஸ்திரேலியா 2000 ஜூலையில் உள்நாட்டுப் பால் விலைக் கட்டுப்பாடுகளை ஒரே நாளில் நீக்கியபோது, இறக்குமதியால் அல்ல என்றாலும், அடி அதே அடிதான். அவர்கள் கடையில் விற்கும் பாலில் லிட்டருக்கு 11 சென்ட் தீர்வை போட்டு 2009 வரை வசூலித்து அதில் இருந்து பண்ணைகளுக்குக் கொடுத்தார்கள். முன்பு கறந்து விற்ற அளவை வைத்துக் கணக்கிட்டு, எட்டு வருஷத்துக்குக் காலாண்டு காலாண்டாக. இனிமேல் கறந்தாலும் கறக்காவிட்டாலும் அந்தப் பணம் வரும் என்பதுதான் இதில் உள்ள சூட்சுமம். மாட்டை விற்றுவிட்டுக் கடனை அடைக்கலாம், அல்லது அதை வைத்தே பண்ணையைப் பெரிதாக்கலாம். முழுசாக விலகுபவர்களுக்கு 45,000 டாலர் வரை தனித் தொகையும் இருந்தது. 2000இல் 13,000 அளவில் இருந்த பண்ணைகள் பதினைந்து, பதினாறு வருஷத்தில் பாதிக்கும் கீழே வந்துவிட்டன. வறட்சிக்கும் அதில் பங்கு உண்டு.

எதிர்ப்பக்கம் ஜமைக்கா. 1990களின் தொடக்கத்தில் கடன் நிபந்தனைகளால் சந்தையைத் திறந்தது, ஐரோப்பாவில் மானியம் வாங்கிய பவுடர் வந்து இறங்கியது, உள்ளூர்ப் பால் உற்பத்தி பாதிக்கும் கீழே போனது. வெளியேறியவர்களுக்கு அங்கே ஆஸ்திரேலியா மாதிரி எட்டு வருஷக் காசோலை எதுவும் இல்லை. கறவை மாட்டைக் கறிக்கு விற்றதுதான் பலருக்குக் கிடைத்த இழப்பீடு.

வெளியேறும் திட்டம் போடுகிறவர்கள் ஒன்றை மட்டும் கவனித்தால் போதும். ஒரே காலாண்டில் எல்லோரும் விண்ணப்பிக்கணும் என்று கெடு வைத்தால் எல்லா மாடுகளும் ஒரே நேரத்தில் சந்தைக்கு வரும், மாட்டு விலை அடிமட்டத்துக்குப் போகும், அரசு கொடுத்த தொகையில் ஒரு பங்கு அங்கேயே போய்விடும். வாசல் மூன்று, நான்கு வருஷம் திறந்திருந்தால் அறுபதைத் தாண்டிய, பிள்ளைகள் பண்ணைக்கு வராத ஒருவர், இருக்கிற மாடுகள் கறவை வற்றும்வரை வைத்திருந்து, கிடேரிகளை நல்ல விலை வரும்போது பக்கத்துப் பண்ணைக்கு விற்றுவிட்டுப் போகலாம்.